எத்தனை லோடு? - ரப்பீஸின் சரித்திரம்

நியூஜெர்சியில இருக்கிற எங்க பெரியப்பா பையன் போன வருஷம் வீட்டு கிச்சனை இடிச்சு மாத்திக் கட்டினான். ஒரு நாள் ராத்திரி போன் பண்ணி, "டேய், நீதான் இஞ்சினியர் ஆச்சே, 10 யார்டு டம்ப்ஸ்டர் எடுக்கவா, 20 யார்டு எடுக்கவா?"ன்னு கேட்டான். நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். ஆனா இஞ்சினியர்னு சொல்லிட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்லணும்ங்கறது நம்ம நாட்டு தலையெழுத்து. கூகுளாண்டவரைக் கேட்டு "10 போதும்"னு சொன்னேன். 20 தான் தேவைப்பட்டுச்சாம். இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறான்.

அதுக்கு அடுத்த மாசமே அதே கேள்வி எங்க வீட்டு வாசல்லயே வந்து நின்னுச்சு. 2025 கோடை. படப்பையில எங்க வீட்டோட முன்பக்க ரெண்டு ரூமை இடிச்சுட்டு, உசத்திக் கட்டலாம்னு அப்பா முடிவு பண்ணிட்டார். காரணம் எளிமையானது. ரோட்டை சுரண்டாம மேல மேல போட்டுப் போட்டு, வாசல் பள்ளமாயிடுச்சு. 2015 டிசம்பர் மழைக்கு அப்புறம் எங்க பக்கம் வீடு கட்டுறவங்க எல்லாரும் முதல்ல பேசுறது "பேஸ்மென்ட் எத்தனை அடி?"ங்கறதைத்தான்.

இங்க டம்ப்ஸ்டர் கிடையாது. டிராக்டர் இருக்கு, டிப்பர் இருக்கு. கேள்வி மட்டும் அதேதான்: இடிச்சா எவ்வளவு ரப்பீஸ் வரும்? எத்தனை லோடு?

இந்தக் கேள்விக்குப் பின்னாடி இவ்வளவு பெரிய சரித்திரம் இருக்கும்னு நான் நினைக்கல. கொஞ்சம் பொறுமையா படிங்க மக்களே, பதிவு நீளம்தான்.

நான் போட்ட கணக்கு

பொட்டி தட்டுறவன் கையில டேப் கிடைச்சா சும்மா இருப்பானா? எக்செல் திறந்தாச்சு.

இடிக்க வேண்டிய பகுதி 24-க்கு 14 அடி. நடுச்சுவரையும் சேர்த்து சுவர் நீளம் சுமார் 85 அடி, உயரம் 10 அடி, கனம் 9 அங்குலம். கதவு ஜன்னலைக் கழிச்சா சுமார் 540 கன அடி. மேல 5 அங்குல கான்கிரீட் தளம், 140 கன அடி. அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடிச்ச தளம், ஓட்டோட சேர்த்து 4 அங்குலம், அது ஒரு 112. ஆகக் கூடி கிட்டத்தட்ட 800 கன அடி.

நம்ம ஊர்ல மணல், ஜல்லி, மண்ணு எதுவா இருந்தாலும் கணக்கு 'யூனிட்'டுலதான். ஒரு யூனிட்டுன்னா 100 கன அடி. டிராக்டர் டிரெய்லர் ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். அப்ப 8 லோடு. முடிஞ்சுது வேலை!

டிராக்டர் வச்சிருக்கிற அண்ணன் வந்தார். டேப்பும் எடுக்கல, ஒண்ணும் எடுக்கல. வாசல்ல நின்னு ஒரு பார்வை, உள்ள போய் ஒரு பார்வை. "பன்னெண்டு வரும் தம்பி"ன்னார்.

நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். நாலு லோடு காசை நம்ம தலையில கட்டப் பார்க்கிறார்னு நினைச்சேன். "அண்ணே, எட்டுதாண்ணே வரும், கணக்குப் போட்டிருக்கேன்"ன்னு செல்போனைக் காட்டினேன். அவர் கோவப்படல. "நிக்கிற சுவரை அளந்திருக்கீங்க தம்பி. நான் விழுந்த சுவரைச் சொல்றேன்"ன்னார்.

செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

நிக்கிற சுவருல செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவுல காத்து கிடையாது. உடைச்சுக் குவிச்சா ஒவ்வொரு துண்டும் கோணல்மாணலா உட்கார்ந்து நடுவுல சந்து விடும். செங்கல், கான்கிரீட் இடிபாடு எல்லாம் உடைஞ்சதும் ஏறக்குறைய ஒண்ணரை மடங்கு உப்பும். 800 கன அடி 1200 கன அடியா ஆகும். 12 யூனிட், 12 லோடு. அண்ணன் கணக்கு அச்சு அசலா சரி. நியூஜெர்சிக்காரன்கிட்ட நான் அசடு வழிஞ்சதுக்கும் இதேதான் காரணம்.

ஒரு பேரு எப்படி சாமானாச்சு

டம்ப்ஸ்டர்ங்கறது முதல்ல ஒரு கம்பெனியோட பிராண்ட். அமெரிக்காவுல டென்னஸி மாநிலத்து நாக்ஸ்வில் ஊர்ல டெம்ப்ஸ்டர் சகோதரர்கள்னு கான்ட்ராக்ட் தொழில் பண்ணினவங்க இருந்தாங்க. ஒவ்வொரு தடவையும் லாரியை நிறுத்தி வச்சு ஆள் விட்டு நிரப்பறதுல நேரம் வீணாகுது. அதனால பெரிய இரும்புத் தொட்டியை வேலை நடக்கிற இடத்துலயே விட்டுட்டு, நிறைஞ்சதும் லாரி வந்து தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு ஏற்பாட்டை 1930-கள்ல கொண்டு வந்தாங்க. டெம்ப்ஸ்டர் பேரையும் 'டம்ப்'பையும் ஒட்டி டம்ப்ஸ்டர். சகோதரர்கள்ல ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் 1950-கள்ல அந்த ஊருக்கு மேயராவும் இருந்தார்.

இதே மாதிரி இன்னொரு கதை பாரிஸ்ல இருக்கு. யூஜின் புபெல்னு ஒரு அதிகாரி, வீட்டுக்காரங்க எல்லாரும் மூடி போட்ட தொட்டி வைக்கணும்னு 1883-ல உத்தரவு போட்டார். சாதாரண குப்பை ஒண்ணுல, காகிதமும் துணியும் ஒண்ணுல, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடு ஒண்ணுல. தரம் பிரிக்கணும்னு அப்பவே சொல்லிட்டாங்க பாருங்க. பிரெஞ்சுல இன்னிக்கும் குப்பைத் தொட்டிக்கு 'புபெல்'னுதான் பேரு. பாவம், மனுஷன் பேரு இப்படியா நிலைக்கணும்!

சரி, சைஸ் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவுல 10, 20, 30, 40 கன யார்டுன்னு தொட்டி வாடகைக்குக் கிடைக்கும். ஒரு கன யார்டு 27 கன அடி. அப்ப 10 யார்டு நம்ம கணக்குல 2.7 யூனிட். 40 யார்டுன்னா கிட்டத்தட்ட 11 யூனிட்.

அப்ப எங்க வீட்டு 12 யூனிட்டுக்கு ஒரே ஒரு 40 யார்டு தொட்டி கிட்டத்தட்ட போதுமேன்னு தோணும். அங்கதான் ரெண்டாவது பாடம். கான்கிரீட், செங்கலுக்கு அந்த ஊர்லயும் சின்னத் தொட்டிதான் தருவாங்க. பெரிய தொட்டி மரம், பிளாஸ்டர் பலகை, பழைய சோபா மாதிரி இடத்தை அடைக்கிற லேசான சாமானுக்கு. எங்க வீட்டு இடிபாட்டோட எடை சுமார் 45 டன். அதை ஒரே தொட்டியில போட்டா எந்த லாரி தூக்கும்? லேசான குப்பைக்கு கன அளவு பார்க்கணும், கனமான குப்பைக்கு எடையைப் பார்க்கணும். எங்க ஊரு டிராக்டர் யூனிட்டுக்கு முக்கால் பாகம் நிறைஞ்சாலே மூக்கைத் தூக்கும்னு அண்ணன் சொன்னதும் இதேதான். ஒரு யூனிட் ரப்பீஸ் முக்காலே மூணரை... சாரி, மூணே முக்கால் டன்!

அளவுகளோட பிடிவாதம்

இன்னொரு சுவாரசியம். இந்தியாவுல மெட்ரிக் அளவுக்கான சட்டம் வந்தது 1956-ல. 1958 அக்டோபர்லேர்ந்து படிப்படியா அமலாச்சு. நாம படிச்சதெல்லாம் மீட்டர், லிட்டர்தான். ஆனா செங்கல் சுவர் இன்னும் 9 அங்குலம், மனை சதுர அடி, மணல் யூனிட்.

அதுக்கு முன்னாடி மெட்ராஸ் கணக்கே வேற. 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால், 5 மரக்கால் ஒரு பறை, 80 பறை ஒரு கரிசை. தானியத்துக்கு இந்தக் கணக்கு. வண்டி வந்தா வண்டிக் கணக்கு, டிராக்டர் வந்தா டிராக்டர் கணக்கு. எதுல எடுத்துட்டுப் போறமோ அதுதான் அளவு. சர்க்கார் சொல்ற அளவை விட சக்கரம் சொல்ற அளவுதான் நிலைக்குது.

எங்க ஊர்ல டிராக்டர் லோடு அடிக்க வந்ததே ஒரு கதை. ஏர் உழத்தான் டிராக்டர் வாங்கினாங்க. இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் 1998-ல வெளிய வந்துச்சு. 2010-ல ஒரகடத்துல ரெனோ நிஸான், 2012-ல டெய்ம்லர், 2013-ல என்ஃபீல்டுன்னு வரிசையா வந்துச்சு. வண்டலூர் வாலாஜாபாத் ரோட்டுல கன்டெய்னர் லாரி ஓட ஆரம்பிச்சதும் நிலம் கைமாறிப் போச்சு. டிராக்டர் மட்டும் வீட்டுல நின்னுச்சு. கலப்பையைக் கழட்டிட்டு டிரெய்லரை மாட்டினவங்கதான் இன்னிக்கு செங்கல், மணல், ரப்பீஸ் அடிக்கிறாங்க. நம்ம டிராக்டர் அண்ணனும் அப்படித்தான்.

ரப்பீஸே இல்லாத காலம்

இடிக்கிறதை எல்லாம் பாட்டி திண்ணையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. மத்தியானம் சாப்பிடும்போது, "பழைய வீட்டை இடிச்சப்ப ஒரு கூடைகூட வெளிய போவல"ன்னாங்க.

நான் நம்பல. அப்புறம் கேட்டு வாங்கின கொசுவத்தி இது. இதே மனையில முன்னாடி இருந்தது மண் சுவர், நாட்டு ஓடு போட்ட வீடு. தாத்தா அதை இடிச்சுட்டுத்தான் 1990-ல இப்ப நாங்க இடிக்கிற ரூமுங்களைக் கட்டினார். ஓட்டைப் பக்கத்துல ஒருத்தர் எடுத்துக்கிட்டார். பனங்கை மாட்டுக் கொட்டாய்க்குப் போச்சு. கதவும் நிலையும் புது வீட்டுலயே மறுபடி வந்துச்சு. சுவரு மண்ணு? அதை வயலுக்கு அடிச்சாங்களாம். ஜனங்க பல காலம் புழங்கின மண்ணு நல்ல எருவுன்னு அந்தக் காலத்துல அதுக்குக் கிராக்கியாம்.

மண் வீடுதான் அப்படின்னு இல்ல. சுண்ணாம்பு வச்சுக் கட்டின மச்சு வீடும் அப்படித்தான். சென்னையில பழைய கட்டடங்கள்ல 'மெட்ராஸ் டெரஸ்' கூரையைப் பார்த்திருப்பீங்க. மர உத்திரத்து மேல சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டுல நிறுத்தி, சுண்ணாம்பு வச்சுக் கோர்த்து, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணியை விட்டு அடிச்சு இறுக்குவாங்க. அதை இடிச்சா உத்திரத்துக்கு விலை உண்டு. சுண்ணாம்புச் சாந்து செங்கலை விட மெத்து. அதனால தட்டினா சாந்துதான் உதிரும், செங்கல் முழுசா வரும். சுரண்டி அடுக்கி வித்துடலாம். உடைஞ்ச செங்கல்? அதுவும் வீணில்ல. ஜல்லியா உடைச்சா தரைக்கும் தளத்துக்கும் ஆச்சு. பொடியாக்கினா சுர்க்கி, அதாவது சுண்ணாம்போட கலக்கிற செங்கல் தூள்.

இதை உலகமே ஒரு தடவை பார்த்துச்சு. ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மனி நகரங்கள் தரைமட்டம் ஆனதும், பெண்கள் வரிசையா நின்னு இடிபாட்டுலேர்ந்து செங்கலை எடுத்து, சுத்தியால சாந்தைத் தட்டிச் சுத்தம் பண்ணி அடுக்கினாங்க. அவங்களுக்கு 'இடிபாட்டுப் பெண்கள்'னே பேரு. அந்தச் செங்கல்லதான் நிறைய வீடு மறுபடி எழும்பிச்சு. மிச்சத்தைக் கொட்டி பெர்லின்ல ஒரு மலையே உண்டாக்கிட்டாங்க. டாய்ஃபல்ஸ்பெர்க்னு பேரு, கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 120 மீட்டர். இங்கிலாந்துல பிரிஸ்டல் ஊரு இடிபாட்டை, காலியா திரும்புற கப்பல்ல பாரத்துக்காக ஏத்தி, நியூயார்க் ஆத்தங்கரையில கொட்டி ரோடு போட்டாங்க. அந்த இடத்துக்கு 'பிரிஸ்டல் பேசின்'னு இன்னிக்கும் பேரு.

சிமெண்ட் வந்துச்சு, ரப்பீஸ் பொறந்துச்சு

அப்ப எப்பதான் இது குப்பையாச்சு? என் பதில்: சிமெண்ட் மலிவாக் கிடைச்சப்ப.

சிமெண்ட் நம்ம நாட்டுக்குப் புதுசில்ல. 1904-லயே மெட்ராஸ்ல சிமெண்ட் தயாரிக்க முயற்சி நடந்துச்சு. 1914-ல போர்பந்தர்ல வெற்றிகரமா ஆரம்பிச்சாங்க. நம்ம பக்கம் இந்தியா சிமெண்ட்ஸ் தாழையூத்து சங்கர் நகர்ல 1949-ல உற்பத்தியைத் தொடங்குச்சு. ஆனா பல வருஷம் சிமெண்ட் கட்டுப்பாட்டுச் சரக்கு. வீடு கட்ட பர்மிட் வாங்கணும். உங்க அப்பாவையோ தாத்தாவையோ கேட்டுப் பாருங்க, பத்து மூட்டை சிமெண்டுக்கு அலைஞ்ச கதை சொல்லுவாங்க. 1982 பிப்ரவரியில பாதிக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க, 1989 மார்ச்சுல முழுசா எடுத்தாங்க.

எங்க தாத்தா கட்டினது 1990. கணக்கு சரியா வருதா?

சிமெண்ட் சாந்து கெட்டி. நல்ல கலவையா இருந்தா நம்ம சூளைச் செங்கலை விடக் கெட்டி. தட்டினா சாந்து உதிராது, செங்கல்தான் உடையும். எங்க வீட்டை இடிச்சப்ப 540 கன அடி சுவருல முழுசா ஒரு ஐம்பது செங்கல் தேறியிருந்தா அதிசயம். கம்பியைக் காயலான் கடைக்காரர் எடுத்துக்குவார், கதவு ஜன்னலுக்கும் ஆள் உண்டு. மிச்சம் மொத்தமும் ரப்பீஸ். அதே சமயம் 1979-லேர்ந்து இந்தியாவுலயே தயாராகிற ஜேசிபி ஊருக்கு ஊரு வந்தாச்சு. கடப்பாரையால இடிச்சா வகைவகையாப் பிரிஞ்சு விழும். ஜேசிபி இடிச்சா கம்பி, டைல்ஸ், பைப்பு, செங்கல் எல்லாம் கலந்த ஒரே குவியல். கலந்த பொருளுக்கு விலை கிடையாது. விலை இல்லாத பொருள் எங்கயாவது போய்த்தானே ஆகணும்?

எங்க கொட்டுவீங்க?

இதைத்தான் நான் முதல் நாள் கேட்காம விட்டேன்.

முதல் லோடு காலையில எட்டு மணிக்கே கிளம்பிப் போயிடுச்சு. நான் ஆபீஸ் கால்ல இருந்தேன். சாயங்காலம்தான் தோணிச்சு. "எங்கண்ணே கொட்டுனீங்க?" "பள்ளம் இருக்கு தம்பி. அந்தக் கவலை உங்களுக்கு எதுக்கு?"

மறுநாள் காலையில பைக்கை எடுத்துக்கிட்டுப் போய்ப் பார்த்தேன். ஏரிக்குத் தண்ணி வர்ற ஓடையோட கரை. ஏற்கெனவே யார் யாரோ கொட்டின குவியலுக்கு நடுவுல எங்க வீட்டு ஹால். நான் எல்.கே.ஜி. படிக்கும்போது அடிச்ச வெளிர் பச்சை டிஸ்டம்பர், அதே பச்சை. துண்டு துண்டா ஓடையில பாதி, கரையில பாதி.

எனக்கு ஏன் அவ்வளவு வருத்தம்னா, அந்த ஓடையை எனக்குத் தெரியும். அடையாறு ஆரம்பிக்கிறது எங்க பக்கத்துல, மணிமங்கலத்துக்கிட்ட, மலைப்பட்டு ஏரிப் பக்கம். (பல்லவன் நரசிம்மவர்மன் புலிகேசியோட மோதினதா சொல்லப்படுற அதே மணிமங்கலம்தான்.) சென்னையில கோட்டூர்புரம் பாலத்துல நின்னு பார்க்கிற ஆறு எங்க ஏரிகளோட உபரித் தண்ணியிலதான் பிறக்குது. ஒரு ஏரி நிறைஞ்சு அடுத்த ஏரிக்கு, அது நிறைஞ்சு அதுக்கு அடுத்ததுக்கு. காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம்னு பேரு வந்தது சும்மா இல்ல. 2015 டிசம்பர்ல எல்லாரும் செம்பரம்பாக்கத்தைப் பத்தியே பேசினாங்க. ஆனா முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் செம்பரம்பாக்கம் தண்ணி அடையாறுல வந்து சேர்ற இடத்துக்கு மேல இருக்கு. அங்க முழுகினது எங்க பக்கத்து ஏரித் தண்ணியில. போற வழி சுருங்கினதால தண்ணி வேற வழி பார்த்துக்கிச்சு.

டிராக்டர் அண்ணனை மட்டும் குத்தம் சொல்லவும் மனசு வரல. ஏரியைத் தூர்க்கிறது நம்ம சென்னையில சர்க்காரே செஞ்ச காரியம். மாம்பலம் பக்கம் 'லாங் டேங்க்'னு ஒரு நீளமான ஏரி இருந்துச்சு. 1920-கள்ல அதைத் தூர்த்து தியாகராய நகரை உண்டாக்கினாங்க. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்துலதான் 1976-ல திறந்த வள்ளுவர் கோட்டம் நிக்குது. ஏரி போயி 'லேக் ஏரியா', 'லேக் வியூ ரோடு'ன்னு பேரு மட்டும் மிச்சம். பெருங்குடி குப்பைமேடு பள்ளிக்கரணை சதுப்புலயே வளர்ந்துச்சு. ஏரியைப் பள்ளம்னு பார்க்கச் சொல்லிக் கொடுத்தது மேல இருக்கிறவங்க. பள்ளம்னு ஆயிட்டா நிரப்பறது புண்ணியம் மாதிரிதானே தோணும்?

ஆனா இதே மாவட்டத்துலதான் உத்திரமேரூர் இருக்கு. பராந்தக சோழன் காலத்துல, 919-லயும் 921-லயும் வெட்டின கல்வெட்டுல குடவோலைத் தேர்தல் பத்திப் பெருமையாப் பேசுவோம். அந்தத் தேர்தல்ல தேர்ந்தெடுத்த குழுக்கள்ல ஒண்ணு ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கிறதுக்குன்னே வருஷா வருஷம் ஆள் தேர்ந்தெடுத்த ஊர் அது. ஆயிரத்து நூறு வருஷம் கழிச்சு நான் அதுல போய் என் ஹாலைக் கொட்டியிருக்கேன்.

சட்டம் என்ன சொல்லுது

கட்டட இடிபாட்டுக்குன்னு தனி விதியே நாட்டுல 2016 மார்ச்சுலதான் வந்துச்சு. ஒரு நாளைக்கு 20 டன், இல்ல ஒரு திட்டத்துல மாசம் 300 டனுக்கு மேல இடிக்கிறவங்க தரம் பிரிச்சு, திட்டம் குடுத்து அனுமதி வாங்கணும். சின்ன ஆளுங்களும் ரோட்டுலயோ வடிகால்லயோ கொட்டக் கூடாது. நாங்க 45 டன்னை நாலு நாள்ல இடிச்சோம், அதனால பெரிய ஆளுங்க கணக்குல வரல. அதுக்காக ஓடையில கொட்டினது சரின்னு ஆயிடாது. 2025 ஏப்ரல்ல புது விதிகள் வெளியாச்சு, 2026 ஏப்ரல் 1-லேர்ந்து அமல். 20,000 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் கட்டுறவங்க இடிபாட்டை மறுசுழற்சிக்கு அனுப்புற பொறுப்பையும் ஏத்துக்கணும்.

இடிபாட்டை அரைச்சு ஜல்லியாவும் மணலாவும் மாத்துற முதல் பெரிய ஆலை டெல்லி புராரியில 2009 வாக்குல வந்துச்சு. சென்னை மாநகராட்சிக்கு கொடுங்கையூர்லயும் பெருங்குடியிலயும் இருக்கு. 2016-ல ஐ.எஸ். 383 தரவிதியை மாத்தி, பழைய கான்கிரீட்டை உடைச்ச ஜல்லியை சாதாரண கான்கிரீட்ல 25 சதவீதம், எம் 25 வரைக்குமான கம்பிக் கான்கிரீட்ல 20 சதவீதம் வரைக்கும் சேர்க்கலாம்னு சொல்லிட்டாங்க. எல்லாம் நல்ல விஷயம். ஆனா படப்பையிலேர்ந்து பெருங்குடிக்கு டிராக்டர்ல ரப்பீஸ் அனுப்ப யாரு டீசல் போடுவா? சின்ன வீட்டுக்காரன் பிரச்சினை சட்டத்துல இல்ல, தூரத்துல இருக்கு.

அந்த 12 லோடு என்னாச்சு

அன்னிக்கே லோடை நிறுத்தச் சொல்லிட்டேன். அப்பாவுக்குக் கோவம். "ஊரே கொட்டுது, நீ ஒருத்தன் நிறுத்தி ஆறு நின்னுடுமா?"ன்னார். மேஸ்திரிதான் காப்பாத்தினார். "தம்பி, நீங்க எப்படியும் பேஸ்மென்ட் நிரப்ப கிராவல் வாங்கணும்ல? காசு குடுத்து மண்ணு வாங்கி, காசு குடுத்து ரப்பீஸை அனுப்பறீங்களே"ன்னார்.

அடப்பாவிகளா, இதை எக்செல் சொல்லலியே!

கம்பி, டைல்ஸ், பைப்பு, மரத்துண்டு எல்லாத்தையும் ரெண்டு நாள் ஆள் விட்டுப் பொறுக்கினோம். பெரிய கட்டிகளை சம்மட்டியால உடைச்சோம். முன்வாசல் பள்ளம் 30-க்கு 20 அடி, அதை முக்கால் அடி உசத்தினதுல 5 லோடு போச்சு. புது ரூமு பேஸ்மென்ட்ல அடியில ஒரு அடிக்கு அடுக்கடுக்காப் போட்டு, தண்ணி விட்டு, திமிசு போட்டு இறுக்கினதுல 4 லோடு. மேல மட்டும் கிராவல். பக்கத்துத் தெருவுல வீடு கட்டுறவர் அவர் பேஸ்மென்டுக்கு 2 லோடு கேட்டு வாங்கிக்கிட்டார். ஆக 11. முதல் நாள் போனது 1. மொத்தம் 12. டிராக்டர் அண்ணன் சொன்ன அதே 12.

கூலி செலவு கொஞ்சம் கூடுச்சு, கிராவல் செலவு குறைஞ்சுது. கழிச்சுப் பார்த்தா பெருசா லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல.

வீடு இடிக்கப் போற மக்களுக்கு என் அனுபவத்துலேர்ந்து நாலு வார்த்தை. நிக்கிற கன அளவை ஒண்ணரையால பெருக்குங்க. யூனிட்டுக்கு நாலு டன் பக்கம் வச்சுக்கிட்டு வண்டியைப் பேசுங்க. எத்தனை லோடுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, அதுல எத்தனை உங்க மனையிலேயே தங்கும்னு பாருங்க. கடைசியா, வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி எங்க கொட்டுவீங்கன்னு கேளுங்க. கிளம்பினப்புறம் கேட்டு பிரயோஜனமில்ல.

அந்த ஒரு லோடை எடுக்கலாம்னு ஜேசிபிக்காரரைக் கூட்டிட்டுப் போனேன். அதுக்குள்ள அதுக்கு மேல இன்னும் பல லோடு விழுந்திருந்துச்சு. எது எங்களுதுன்னு பிரிக்க முடியல. ஓரத்துல ரெண்டு பச்சைத் துண்டு மட்டும் தெரிஞ்சுது. அதைத் தூக்கி வண்டியில போட்டுக்கிட்டு வந்தேன். வடகிழக்குப் பருவமழைக்கு அந்தப் பக்கம் போக எனக்கு இப்பவும் கூச்சமா இருக்கு.

டிஸ்கி: நியூஜெர்சி அண்ணன் இதைப் படிச்சா, 20 யார்டுன்னு அப்பவே சொல்லியிருக்கணும்னு ஒத்துக்கிறேன். அடுத்த தடவை பாத்ரூம் இடிக்கும்போது டிராக்டர் அண்ணன் நம்பர் தர்றேன், வீடியோ கால்ல ஒரு பார்வை பார்த்தே சொல்லிடுவார்.